கடலைப் படிக்க ஆசை, வீட்டில் நர்சிங் என்கிறார்கள்: பிளஸ் 1 மாணவி கேட்கிறேன்

பாசிக்காரி மகள்:

வணக்கம். நான் பாம்பன் பக்கம். அரசுப் பள்ளியில் பிளஸ் 1, உயிரியல்-கணிதப் பிரிவு, தமிழ் வழி. முதலில் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன், கதை அப்புறம். பிளஸ் 2 முடித்துவிட்டுக் கடல் சம்பந்தமாக ஏதாவது படிக்க முடியுமா? படித்தால் அது சோறு போடுமா? வீட்டில் நர்சிங் என்று முடிவே பண்ணிவிட்டார்கள். நர்சிங் மேல் எனக்குக் கோபமில்லை. ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும், அவ்வளவுதான். (மீன் ரத்தம் கணக்கில் சேராது.)

இனி கதை. அப்பா நாட்டுப்படகு. அண்ணன் விசைப்படகில் கூலிக்குப் போகிறான். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் வல்லத்தில் ஏறித் தீவுப் பக்கம் போவார்கள். தண்ணீருக்குள் முங்கிப் பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்து வருவார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, விரல் ஒவ்வொன்றிலும் துணிச்சுற்று. சாயங்காலம் அந்தத் துணியை அவிழ்க்கும்போது அம்மாவின் விரல் நுனி வெளுத்துச் சுருங்கிப் போயிருக்கும். நகக்கண்ணில் பாறை கிழித்த கோடுகள் இருக்கும். உப்பு ஏறிய இடத்தில் எண்ணெய் பட்டாலும் எரியும். நான்தான் தடவிவிடுவேன். "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே மறுநாள் எந்தப் பக்கம் போகலாம் என்று பக்கத்து வீட்டுச் சித்தியிடம் பேசிக்கொண்டிருப்பார்.

அந்தப் பாசியில் இருந்துதான் அகர் எடுக்கிறார்கள், ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கிற தட்டில் ஊற்றுவதும் அதுதான் என்று வகுப்பில் மிஸ் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் விலங்கியலில் விலங்குலகம் பாடம் வந்தது. முட்தோலிகள் என்று நட்சத்திர மீனையும் கடல் அட்டையையும் போர்டில் வரைந்தார். வலை உதறும்போது நான் தினமும் பார்க்கிற சாமான்கள். அடுத்து அரைநாணிகள், பலனோகிளாசஸ். மணலுக்குள் வளை தோண்டி இருக்கிற புழு. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவில் எங்கே வைப்பது என்று அறிஞர்களையே குழப்பிய புழுவாம். "இது நம்ம குருசடைத் தீவில் இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். குந்துகாலில் நின்றால் எதிரே தெரிகிற தீவு அது! எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் மனப்பாடம் பண்ணுகிற புழு எங்கள் ஊருக்கு எதிரில் கிடக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் தூக்கம். எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

மற்ற பாடங்கள் சுமார்தான். வேதியியலில் மோல் கணக்கு தகராறு. இயற்பியல் ஆகவே ஆகாது. சார் ஒருநாள் புது ரயில் பாலத்தை வைத்து நடத்தினார். 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி எதிர் எடையை வைத்து எப்படி அப்படியே மேலே போகிறது என்று விளக்கினார். அன்று மட்டும் எல்லாம் புரிந்தது. கப்பல் போவதற்காகப் பாலத்தைத் தூக்கினால் நானும் கூட்டாளிகளும் இப்போது கயிற்றையும் எடையையும் பற்றிச் சண்டை போடுகிறோம்.

கூட்டாளிகளில் ஒருத்தி நீட், ஒருத்தி போலீஸ் தேர்வு என்று ஓடுகிறாள், இன்னொருத்திக்கு வீட்டில் மாப்பிள்ளை பேச்சே ஆரம்பித்துவிட்டது. என்னிடம் இருப்பது ஒரு கோடு போடாத நீள நோட்டு. அண்ணன் படகில் வரும் சங்காயத்தில் (வலையில் சேர்ந்து வரும் விலை போகாத கழிவு மீன்) புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் வரைந்து வைப்பேன். தேதி, வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா), அப்பா சொல்லும் பெயர் எல்லாம் எழுதுவேன். புத்தகப் பெயருக்கு மட்டும் இடம் காலியாக இருக்கும்.

அப்பா சொல்வது இதுதான்: "கடலை விட்டுப் போகத்தானே படிக்க வைக்கிறோம். படிச்சிட்டு மறுபடி கடலுக்கா?" எங்கள் மாவட்டத்தில் எந்தப் பள்ளி விழாவாக இருந்தாலும் கலாம் ஐயா படத்தை வைத்துக் கனவு காணச் சொல்வார்கள். நான் கண்டது மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். கடல் படித்தவர்கள் அவ்வப்போது எங்கள் தெருவுக்கு வருவார்கள். எந்தப் பாசி எங்கே முளைக்கும், எந்த மாதம் அடர்த்தி, எத்தனை நாள் விட்டால் மறுபடி வளரும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். அம்மாவுக்கு அத்தனையும் தெரியும், எழுதத்தான் வராது. அந்த எழுதுகிற ஆளாக நான் இருந்தால் என்ன?

நாலாம் வருஷம்:

தங்கச்சி, நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு) கடைசி வருஷம். சொந்த ஊர் ஏர்வாடிப் பக்கம், நம்ம மாவட்டம்தான். நீ கேட்டதற்கு நேரான பதில்: முடியும். சோறும் போடும்.

இந்தக் கல்லூரி 1977-லேயே வந்தது. இப்போது நாகப்பட்டினத்தில் இருக்கும் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. நான்கு வருடப் படிப்பு. நீட் கிடையாது, பிளஸ் 2 மதிப்பெண்தான். அதனால் இயற்பியலை "ஆகவே ஆகாது" என்று தள்ளிவிடாதே, கட்-ஆஃப் இறங்குவதே அங்கேதான். ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் உனக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2021-இல் கொண்டு வந்தார்கள். அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் தனி. இதை அப்பாவிடம் முதலில் சொல், புழுவைப் பற்றி அப்புறம் சொல்லலாம்.

ஆனால் ஒன்று. இங்கே வந்தால் நாள் முழுக்கக் கடலில் புழு தேடலாம் என்று நினைக்காதே. குளத்தில் மீன் வளர்ப்பு, இறால் பண்ணை, மீன் நோய், பதப்படுத்துதல், படகு, வலை, பொருளாதாரம் என்று எல்லாம் உண்டு. பாடம் முழுக்க ஆங்கிலம். முதல் செமஸ்டரில் தமிழ் வழியில் வந்த நாங்கள் முழித்தோம், அப்புறம் பழகிவிட்டது. வேலை என்று பார்த்தால் டிஎன்பிஎஸ்சி வழியாக மீன்வளத் துறை ஆய்வாளர், வங்கிகளில் வேளாண் அதிகாரி (மீன்வளம் படித்தவர்களும் எழுதலாம்), ஆந்திரா பக்கம் இறால் பண்ணைகள், குஞ்சு பொரிப்பகங்கள். சீனியர் அக்காக்கள் நிறையப் பேர் வங்கிக்குத்தான் போகிறார்கள். அதிலும் தப்பில்லை.

மடிக்காரன்:

பிள்ளை, எனக்கும் உன் அப்பா வயதுதான் இருக்கும். ராமேசுவரத்தில் விசைப்படகு டிரைவர். அப்பாவைக் குறை சொல்லாதே.

வடகடலில் எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான், மீதி நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை தடைக்காலம். டோக்கன் வாங்கிப் போனாலும் காற்று பார்க்கணும், எல்லை பார்க்கணும். இலங்கைக்குப் பிடித்துக்கொண்டு போன படகு அங்கேயே கிடந்து மக்குகிறது, இங்கே சம்மாட்டி (படகு முதலாளி) கடன் கட்டுகிறார். போனவன் திரும்புகிற வரைக்கும் வீட்டில் அடுப்பு எரியாது. இதையெல்லாம் பார்த்தவர் மகளைக் கடலுக்கு அனுப்ப யோசிக்கத்தான் செய்வார். கடல் வேலை என்றால் அவருக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். என் மகளை நர்சிங்கில்தான் சேர்த்தேன். மதுரையில் வேலை பார்க்கிறாள், நன்றாக இருக்கிறாள்.

சரி, நீ படி. ஆனால் ஆய்வாளர் ஆகி வந்து எங்கள் மடியின் (இழுவலையின்) கண்ணை அளந்து பார்த்து அபராதம் போடுவாயே, அதை நினைத்தால்தான் எனக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை!

ஓய்வு பெற்ற விலங்கியல்:

தாயி, முப்பது வருடத்துக்கு மேல் விலங்கியல் நடத்தியவன் நான். பலனோகிளாசஸ் பாடத்தன்று தூங்காமல் இருந்த பிள்ளை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மேலே எழுதிய பெண் சொன்னது வேலைக்கான வழி, அதில் குற்றமில்லை. ஆனால் உன் கேள்வியைப் படித்தால் உனக்கு வேண்டியது மீன் வளர்ப்பு அல்ல என்று தோன்றுகிறது. நீ பி.எஸ்சி. விலங்கியல் படி. அப்புறம் கடல் உயிரியலில் எம்.எஸ்சி. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. இந்த வழியில் சம்பளம் வரத் தாமதமாகும், அதை மறைக்க மாட்டேன்.

நீ இருக்கும் இடம் எது என்று தெரிந்துகொள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதில் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் கொச்சிக்குப் போனது 1971-இல்தான். அதுவரை நம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. அதன் மண்டபம் மையம் இன்றும் இயங்குகிறது. கோபியா என்கிற கடல் விராலை 2010-இல் அங்கேதான் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. கரையில் தொட்டி கட்டி மீன் வளர்ப்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும். அவர் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு அங்கே இருப்பவர்களே யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. சங்காயத்தில் கடல் குதிரை, கடல் அட்டை, பவளம் வந்தால் அழகாக இருக்கிறதே என்று வீட்டில் வைத்துவிடாதே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. உயிர் இருந்தால் திருப்பி விடு, படம் மட்டும் வரை. படம் வரைகிற பிள்ளைக்குத்தான் நட்சத்திர மீனின் அடியில் எத்தனை குழாய்க்கால் என்று கண்ணில் படும்.

பாசிக்காரி மகள்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் போனில்தான் எழுதுகிறேன், அவன் முறைத்துக்கொண்டு நிற்கிறான், சுருக்கமாகச் சொல்கிறேன்.

மடிக்காரன் மாமா, நான் ஆய்வாளர் ஆனால் முதல் கேஸ் எங்கள் வீட்டில்தான், அண்ணன் போகிற படகில் இருந்தே ஆரம்பிப்பேன். பயப்படாதீர்கள்.

அப்பாவிடம் கட்டணம் இல்லை என்பதைச் சொன்னேன். "விடுதியுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாதான் குழப்புகிறார். தூத்துக்குடி தூரமாம். நர்சிங் என்றால் மட்டும் மதுரை பக்கமாம்!

சார், மண்டபத்துக்குத் தடைக்காலத்தில் போகலாம் என்று இருக்கிறேன், அப்போதுதான் அண்ணனும் வீட்டில் இருப்பான். அதற்குள் தெரிய வேண்டியது ஒன்று. விலங்கியல் படித்தால் தீவுக்குள் போக விடுவார்களா? இப்போது அம்மா அந்தப் பக்கம் போனாலே வனத்துறைக்காரர்கள் விரட்டுகிறார்கள். அம்மா முங்கிய பாறைக்கு நான் மட்டும் அனுமதிச் சீட்டோடு போய் நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

தொண்டிக் கரை:

தங்கச்சி, நான் கடலியல் எம்.எஸ்சி. முடித்தவள். ஆராய்ச்சிக்கு என்றால் கல்லூரி மூலமாக எழுதி வனத்துறை அனுமதி வாங்கித்தான் தீவுக்குப் போக முடியும். படித்துவிட்டோம் என்பதற்காக யாரும் நினைத்தபோது போய்விட முடியாது. நீ கடைசியில் கேட்டது ஒரு மாதிரி இருக்கத்தான் செய்யும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் எங்கள் ஆட்கள் எழுதிய கட்டுரைகளில் "உள்ளூர்ப் பெண்கள் கூறியபடி" என்று ஒரே வரியில் முடிந்துபோகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். நீ எழுதினால் அந்த இடத்தில் அம்மா பெயரைப் போடு.

நோட்டைப் பற்றி ஒன்று. தேதி, கடல், பெயர் மூன்றும் சரி. ஆழமும் வேண்டும், என்ன வலை என்பதும் வேண்டும். அப்பாவிடமும் அண்ணனிடமும் கேட்டால் எத்தனை பாகத் தண்ணீர் (ஆழத்துக்கு நம்ம ஆட்கள் சொல்லும் அளவு) என்று சொல்வார்கள். பாகத்திலேயே எழுதி வை, மீட்டருக்கு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். அம்மாவிடம் கேட்டு மரிக்கொழுந்துக்கும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கு. எந்தப் பாறை, எந்த மாதம், அன்றைக்கு எத்தனை கிலோ. இரண்டு பக்கம் வரைந்ததும் போட்டோ எடுத்து இங்கே போடு, காலியாக விட்ட பெயர்களை நானும் சாருமாக நிரப்பித் தருகிறோம். பென்சிலில் எழுது, பேனா மை ஈரக் கையில் ஊறிவிடும்.