50 கஜத்தில் மான், முன்சப்பை முழுக்க வீண்: .308-க்கு எந்தத் தோட்டா?

அம்பைக்காரன்:
ஊர் அம்பாசமுத்திரம், வேலை பென்சில்வேனியாவில். இப்போது லீவுக்கு வந்திருக்கிறேன். நவம்பர் கடைசியில் அங்கே மான் சீசன் தொடங்கும், அதற்குள் தோட்டாவை முடிவு செய்யணும். என்னுடையது .308 வின்செஸ்டர் துப்பாக்கி (குண்டின் குறுக்களவு .308 அங்குலம்), 150 கிரெய்ன், அதாவது பத்து கிராம் அளவு எடையுள்ள சாதாரண ஈயக் குண்டு. அடர்ந்த காடு என்பதால் 50 கஜத்தைத் தாண்டிச் சுட வழியே இல்லை. போன சீசனில் மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. உரித்துப் பார்த்தால் இரண்டு முன்சப்பையும் ரத்தம் கட்டிக் கூழாகிக் கிடந்தது. சின்னக் குண்டுக்கு, அதாவது .243-க்கு மாறினால் சரியாகுமா?

வள்ளியூர்–டெக்சாஸ்:
மாறாதீங்க அண்ணாச்சி. கறியைக் கெடுப்பது பெரும்பாலும் வேகம்தான். உங்கள் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,800 அடியில் கிளம்புகிறது. .243-இல் 100 கிரெய்ன் குண்டு 2,950 அடி வாக்கில் போகும், அதாவது இன்னும் வேகம். தூரத்திலும் உடம்பில் பட்டதும் நன்றாக விரியட்டும் என்று மெல்லிய உறை போட்ட குண்டு, கிட்டத்தில் சப்பை எலும்பில் மோதினால் சிதறிவிடும். எலும்புச் சில்லும் சேர்ந்து கறிக்குள் பாயும். அதனால் அதே .308-இல் 180 கிரெய்ன், ஈயத்தை உறையோடு பிணைத்த ‘பாண்டட்’ குண்டு வாங்குங்க. 2,600 அடி வாக்கில்தான் கிளம்பும், கட்டுக்குலையாமல் ஊடுருவிப் போகும். 1895-இல் வந்த .30-30 ரகத் தோட்டா இன்றும் காட்டு வேட்டையில் நிற்கிறதே, அதில் 170 கிரெய்ன் குண்டு 2,200 அடிதான்.

முழுச் செம்புக் குண்டும் நல்லதுதான், ஈயத்துகள் பயமே இல்லை. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமில்லாக் குண்டுதான் சட்டம். ஆனால் செம்பு விரிய வேகம் வேண்டும். உதை குறைந்த, வேகம் குறைத்த தோட்டாவில் அதைத் தேடாதீங்க.

மேலப்பாளையம் கறிக்கடை:
தம்பி, துப்பாக்கி எனக்குத் தெரியாது, கறி தெரியும். சப்பையில் ஏன் அடிக்கணும்? அதற்குப் பின்னால், விலாவில் அடித்தால் நுரையீரல். அங்கே கறியே கொஞ்சம்தான். ரத்தம் கட்டிய இடத்தைத் தாராளமாக வெட்டி எறியுங்க, கைமாவில் சேர்க்காதீங்க. ஈயக் குண்டு என்றால் கழுவவும் வேண்டாம், துகள் நல்ல கறிக்கும் பரவும். பிள்ளைகள் சாப்பிடுகிற கறி இது.

அம்பைக்காரன்:
நன்றி பாய். விலாவில் பட்டால் ஓடிவிடாதா?

வள்ளியூர்–டெக்சாஸ்:
கொஞ்ச தூரம் ஓடலாம். நுரையீரல் இரண்டிலும் பட்டால் சீக்கிரம் விழும். உடனே பின்னால் ஓடாமல் அரைமணி பொறுத்து ரத்தத் தடம் பிடிங்க. பக்கத்து நிலத்துக்குள் போய்விடும் என்றால்தான் சப்பையை யோசிக்கணும். இன்னொன்று, நீங்கள் வேலை விசாவில் இருந்தால் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே கூடாது. அது அமெரிக்க மத்தியச் சட்டம்.

களக்காடு வாசி:
நம்மூர்ப் பையன்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். இதெல்லாம் அந்த ஊருக்கு மட்டும். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை ஜெயில். களக்காடு முண்டந்துறையில் புள்ளிமான், வல்லநாட்டில் வெளிமான், எதன் மேலும் கை வைக்கக் கூடாது.

அம்பைக்காரன்:
சரியாகச் சொன்னீங்க. லைசென்ஸ் கையில் இருக்கிறது. 180 பாண்டட் இரண்டு பெட்டி வாங்குகிறேன். குண்டு மாறினால் படும் இடமும் மாறும் என்பதால், சீசனுக்கு முன் சுட்டுப் பழகும் ரேஞ்சில் 50 கஜத்துக்கு ஸ்கோப்பைச் சரிபார்த்துவிடுகிறேன்.