தார்ச்சாலைக்கு வந்த பிறகும் ஃபோர் ஹையிலிருந்து விடுபடாத லிவர்

மலைவாசி:
வால்பாறையில் தோட்ட வேலைக்கு வைத்திருக்கும் பழைய டீசல் பிக்கப் இது. வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரங்களையும் இணைக்கும் பார்ட்-டைம் வகை. சேற்றுப் பாதைக்காகப் போட்ட ஃபோர் ஹையிலேயே (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) தார்ச்சாலையில் 3 கிலோமீட்டர் வந்துவிட்டேன். கடைவீதியில் திருப்பும்போது ஸ்டியரிங் இறுகி, வண்டி தத்தித் தத்தி நகர்ந்தது. லிவரும் இரு சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹைக்கு வர மறுக்கிறது. இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பகிர்ந்தனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கத்தான் வேண்டுமா?

பற்சக்கரம்:
அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். இவ்வகை ட்ரான்ஸ்ஃபர் கேஸில், முன், பின் ஷாஃப்டுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் ஹை போட்டதும் முன், பின் ஷாஃப்டுகள் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். வளைவிலோ முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடியாக வேண்டும். சேற்றில் டயர் சற்றே வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் அதற்கு வழியில்லாததால், அது முறுக்காக ஷாஃப்டுகளில் ஏறி, லிவர் நகர்த்தும் இணைப்பு வளையமான ஸ்லீவை இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஸ்டியரிங்கை நேராக வைத்து, சில மீட்டர் ரிவர்ஸில் மெதுவாக வந்தபடி லிவரை இழுத்துப் பாருங்கள். முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயருமாக இருந்தால், சுற்றளவு வேறுபடுவதால் நேரான சாலையிலும் இந்த முறுக்கு ஏறும்.

கிரீஸ்கை:
அப்படியே கேஸின் ஆயிலையும் பார்த்துவிடுங்கள். நிரப்பும் மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள். ஆயிலை வடித்த பிறகு மேல் பிளக் துருப்பிடித்து அசையவில்லையென்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அப்படித்தான் போயிற்று. கியர் ஆயிலா, ஏ.டி.எஃப்.பா (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். செயினில் ஓடும் என்.பி. 231 என்ற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மாடல் ஏ.டி.எஃப். கேட்கும் வகை. காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலையில்லை. உலோகச் சில்லுகள் இருந்தால் அப்போது பிரிக்கலாம்.

மலைவாசி:
ரிவர்ஸில் நான்கு மீட்டர் வருவதற்குள் 'டக்'கென்று லிவர் விடுபட்டுவிட்டது, நன்றி. சில்லுகள் இல்லை. ஆனால் ஆயில் பால் காப்பி நிறத்தில் வடிந்தது. கேஸுக்குள் காற்று போய்வரும் ப்ரீதர் குழாயின் வாயைக் குளவி மண்கூடு கட்டி அடைத்திருக்கிறது.

கிரீஸ்கை:
அந்த நிறம் ஆயிலில் தண்ணீர் கலந்ததால் வந்தது. ஓடையில் இறங்குகிறீர்கள் போலும். ஓடிச் சூடேறிய கேஸ் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். ப்ரீதர் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். குழாயைச் சுத்தம் செய்து, ஓடை நீர் எட்டாத உயரத்துக்கு நீட்டிக் கட்டுங்கள். புது ஆயில் ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டிய பின் மறுபடி வடித்துப் பாருங்கள். இன்னும் வெளுப்பாக இருந்தால் இன்னொரு முறை மாற்றத்தான் வேண்டும்.