கணுக்காலில் சதை வைத்துத் தைத்தவர்களே, வருஷம் போனபிறகு எப்படி இருக்கிறது?

பாம்பன்காரர்:
விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் கம்பி வெட்டியதில், குதிகாலுக்கு மேலே தசைநாண் வெள்ளையாக வெளியே தெரிந்தது. தொடைத் தோலை எடுத்து ஒட்டினால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். மேலுறை போன தசைநாணில் வெறும் தோல் பிடிக்காது, ரத்த ஓட்டத்தோடு சேர்ந்த சதைப்பட்டை, அதாவது ஃபிளாப்தான் வைக்கவேண்டும் என்றார் மதுரை டாக்டர். கெண்டைக்காலின் பின்பக்கத்திலிருந்து தோல், கொழுப்பு, அடிச்சவ்வு எல்லாம் சேர்ந்த ஒரு பட்டையை, கணுக்கால் பக்கத்து ரத்தக்குழாய் அறாமல் கீழே திருப்பித் தைத்தார்கள். தொடைத் தோல் போனது பட்டை எடுத்த இடத்துக்கு.

அது ஆச்சு 2016-ல். புண் திரும்பவில்லை, கடலுக்குப் போகிறேன். நுனிக்காலில் எம்பி நிற்பதுதான் முன்போல் வராது. கெண்டைக்காலில் பள்ளம், குதிகாலில் மேடு. அழகைப் பற்றி யாருக்குக் கவலை! பாதத்தின் வெளிப்பக்கம் மரத்ததுதான் தொந்தரவு. பட்டையோடு அந்தப் பக்கத்துக்கு உணர்வு தரும் நரம்பும் போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் வலை பிரிக்கும்போது மணல் சுட்டது தெரியவே இல்லை. சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்து வீட்டுக்காரிதான் சத்தம் போட்டாள். இப்போது தினமும் படுக்கும்முன் டார்ச் அடித்துப் பார்க்கிறாள்.

மண்டபத்துப் பெண்:
அண்ணே, எங்கள் அப்பாவுக்குத் திருக்கை முள் குத்திச் சீழ் வைத்து, அதே ஆபரேஷன்தான். சர்க்கரையும் உண்டு. மூன்றாம் நாள் ஃபிளாப் நீலம் பாரித்தது. ரத்தம் உள்ளே போகிறது, திரும்பி வர வழியில்லை என்றார்கள். ஓரம் கறுத்ததை வெட்டி எடுத்துவிட்டு, கட்டு மாற்றி மாற்றித்தான் ஆறியது. பீடியை விடாவிட்டால் ஆபரேஷனே கிடையாது என்று டாக்டர் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். நாங்கள் சொல்லிக் கேட்காத மனுஷன், அதற்குக் கேட்டார். இன்றும் பொழுது சாய்ந்தால் கால் வீங்கும், தலையணைமேல் தூக்கி வைப்போம்.

கீழக்கரைக்காரர்:
காக்கா (எங்கள் ஊரில் அண்ணன்), எனக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் விபத்து. கணுக்காலின் முன்பக்கம் போச்சு. தொடையிலிருந்து ஒரு சதைப்பட்டையை முழுசாகப் பிரித்தெடுத்து, மைக்ராஸ்கோப் வைத்து ரத்தக்குழாயை இணைத்தார்கள். நன்றாகப் பிடித்தது. ஆனால் அது தொடைக் கொழுப்பு இல்லையா, நான் எடை போட்டதும் அதுவும் சேர்ந்து பெருத்தது! அப்புறம் தனியாக ஒரு சின்ன ஆபரேஷனில் இளைக்க வைத்தார்கள். அப்படியும் அந்தக் காலுக்கு ஒரு சைஸ் பெரிய ஷூ வேண்டும். கடைக்காரர் ஜோடி பிரித்துத் தரமாட்டார், இரண்டு ஜோடியாகத்தான் வாங்குகிறேன்.