மிக்ஸ்டு மீடியா ஓவியத்துக்குப் ‘பல்பொருள் ஓவியம்’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

வண்ணம், காகிதம், மரம் என்று பல பொருள்களை ஒரே படத்தில் பயன்படுத்துவதை ‘மிக்ஸ்டு மீடியா’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘கலப்பு ஊடக ஓவியம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் இரண்டு சொல்லும் உறுத்துகிறது. ஊடகம் என்றால் இன்று நாளிதழும் தொலைக்காட்சியும்தான் நினைவுக்கு வரும். ‘பல்லூடகம்’ எப்போதோ கணினிக்குப் போய்விட்டது. ‘கலப்பு’ இதைவிடப் பெரிய சிக்கல். ஏன் என்பதை ஓர் ஓவியரை வைத்தே சொல்கிறேன்.

ழான் மிஷேல் பாஸ்கியா 1960இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். 1970களின் கடைசியில் நண்பர் அல் டியாஸுடன் சேர்ந்து ‘சேமோ’ என்ற பெயரில் மன்ஹாட்டன் சுவர்களில் வாசகங்கள் எழுதினார். கையில் காசில்லாத காலத்தில் தெருவில் கிடந்த கதவு, ஜன்னல் என்று அகப்பட்டதில் எல்லாம் வரைந்தார். பணம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1984இல் வரைந்த ‘ஃப்ளெக்சிபிள்’ ஓவியத்துக்கு, லாஸ் ஏஞ்சலஸில் அவருடைய ஸ்டுடியோவைச் சுற்றியிருந்த வேலிப் பலகைகளே தளம்.

அவருடைய படங்கள் பலவற்றில் அடியில் அக்ரிலிக் என்ற, தண்ணீர் கலந்து பூசும் வண்ணம் இருக்கும், அது சீக்கிரம் காய்ந்துவிடும். அதன்மேல் ஆயில் ஸ்டிக்கால் எழுதுவார். எண்ணெய், மெழுகு, நிறமி மூன்றும் சேர்ந்த தடித்த குச்சி அது, தூரிகை தேவையில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் எண்ணெய்ப் பூச்சின்மேல் அக்ரிலிக் சரியாகப் பிடிக்காது, நாளடைவில் உரிந்துவிடும். சில படங்களில் தன் கோட்டோவியங்களையே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டி, அதன்மேல் மறுபடி வரைந்திருக்கிறார். எழுதிய சொல்லைக் கோடு போட்டு அடித்தும் வைப்பார். அடித்த சொல்லைத்தான் கண் தேடிப் படிக்கும் என்பது அவர் எண்ணம்.

இதில் எதுவும் எதோடும் கலக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. காகிதம் காகிதமாகத் தெரிகிறது, குச்சியின் கோடு தடிப்பாக மேலே நிற்கிறது, பலகையின் இடுக்கும் தெரிகிறது. ‘கலப்பு’ என்றால் கொத்தனார் குழைக்கிற சிமெண்டும் மணலும் போல எல்லாம் ஒன்றாகிவிட்டது என்ற எண்ணம் வரும். இந்த ஓவியங்களின் உயிரே அப்படி ஒன்றாகாமல் இருப்பதில்தான் இருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு ‘பல்பொருள் ஓவியம்’.

பல்பொருள் அங்காடி நினைவுக்கு வருமே என்றார் ஒருவர். வரட்டும், அதனாலேயே யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ‘பல அர்த்தம் தரும் ஓவியம்’ என்று படிக்க வாய்ப்புண்டு என்ற மறுப்பு வலுவானது. ஆனால் கண்காட்சிக் குறிப்பில் ‘பல்பொருள்: அக்ரிலிக், ஆயில் ஸ்டிக், ஜெராக்ஸ் காகிதம், மரப்பலகை’ என்று வரும்போது குழப்பம் தீர்ந்துவிடும். ‘கூட்டுப்பொருள்’ வேண்டாம், பொறியியலில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. ‘ஒட்டோவியம்’ காகிதம் முதலியவற்றை வெட்டி ஒட்டிச் செய்யும் கொலாஜுக்கு மட்டும் இருக்கட்டும்.

ஆயில் ஸ்டிக்குக்கு ‘எண்ணெய்வண்ணக் கோல்’ நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். ‘எண்ணெய்க் குச்சி’ என்றால் விளக்கேற்றும் சாமான் போலத் தோன்றுகிறது.

அப்புறம், ஓவியம் எதன்மேல் நிற்கிறதோ அதற்கு ‘தளம்’ என்று மேலே எழுதியிருக்கிறேன், அதில் எனக்கு முழு நிறைவில்லை. ஏன் என்பதற்குப் பாஸ்கியாவின் இன்னொரு படத்தைச் சொல்கிறேன். சுவரில் எழுதியதாகச் சொல்லிக் காவலர்கள் கைது செய்த கறுப்பின இளைஞர் மைக்கேல் ஸ்டூவர்ட் 1983இல் இறந்தார். அந்தக் கொடுமையைப் பாஸ்கியா, ஓவியர் கீத் ஹேரிங்கின் ஸ்டுடியோச் சுவரிலேயே வரைந்தார். பிறகு ஹேரிங் சுவரின் அந்தப் பகுதியை அறுத்தெடுத்துச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார். அங்கே சுவரும் ஓவியத்தின் பொருள்களில் ஒன்று. அதையும் கேன்வாஸையும் சேர்த்துக் குறிக்க ‘தளம்’ போதுமா, ‘ஏந்துபரப்பு’ என்று போகலாமா? ஓவியப் பட்டறையில் வேலை செய்பவர்கள் என்ன சொல்லிப் புழங்குகிறீர்கள் என்று எழுதுங்கள்.