ஊட்டியில் காற்றழுத்தம்: எந்தக் கணக்கை நம்புவது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீடு ஊட்டியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில். ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில், காற்றழுத்தம் அளக்கும் பி.எம்.பி.280 சென்சார் ஒன்றை இணைத்திருக்கிறேன். இன்று காலை 77,900 பாஸ்கல் காட்டியது. நூறால் வகுத்தால் 779 ஹெக்டோபாஸ்கல். மில்லிபார் என்றாலும் அதே எண்தான். 0.75006ஆல் பெருக்கினால் பாதரசக் கணக்கில் 584 மில்லிமீட்டர், அதாவது 23 அங்குலம். இதுவரை சரி.

இதைக் கடல்மட்ட அழுத்தத்துக்கு, அதாவது இதே இடம் கடல்மட்டத்தில் இருந்தால் எவ்வளவு காட்டும் என்ற எண்ணுக்கு, மாற்றும்போதுதான் தலை சுற்றுகிறது. எல்லோரும் போடும் வாய்பாடு 1023 மில்லிபார் தருகிறது. ஆனால் அது கடல்மட்டத்தில் 15 டிகிரி, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்கிறது. அப்படிப் பார்த்தால் என் மொட்டைமாடியில் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர் இருக்க வேண்டும்! அப்போது இருந்ததோ 14 டிகிரி. அதை வைத்துக் கணக்குப் போட்டால் 1010தான் வருகிறது. 13 மில்லிபார் சின்ன வித்தியாசம் இல்லையே.

மலையில் வானிலை நிலையம் வைத்திருப்பவர்கள் எந்த வெப்பநிலையை எடுக்கிறீர்கள்? அந்த நேரத்து அளவா, பகல் இரவு சராசரியா? மதியம் வெயில் ஏறினாலே கடல்மட்ட எண் சும்மா இறங்கிவிடுகிறது.

அப்புறம், தாத்தா காலத்து அனராய்ட் பாரோமீட்டர் (பாதரசம் இல்லாமல், உள்ளே காற்று நீக்கிய உலோக டப்பாவால் முள் நகரும் காற்றழுத்தமானி) ஒன்றும் இருக்கிறது. முகப்பில் 28 முதல் 31 அங்குலம் வரைதான் அளவு. முள் இடது ஓரத்தில் கிடக்கிறது. கடல்மட்ட அளவைக் காட்டும்படி பின்பக்கத் திருகை இவ்வளவு தூரம் திருப்பினால் உள்ளே இருக்கும் டப்பா கெட்டுவிடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.