சட்டை எங்கண்ணனுது, ஆள் எங்கண்ணன் இல்லை: 1974 பூப்பந்து டீம் படம்

எங்கள் அப்பாரு (தாத்தா) வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) நாற்பது வருசத்துக்கு மேல் தொங்கிய படம் இது. ஈரோட்டுச் சென்னிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துப் பூப்பந்து டீம். இறகுப்பந்து இல்லை, மஞ்சள் உல்லன் பந்தில் பக்கத்துக்கு 5 பேராக ஆடுவது. பத்துப் பையன்கள், நடுவில் நாற்காலியில் தலைமையாசிரியரும் பி.டி. வாத்தியாரும், முன்னால் சிலேட்டில் சாக்பீஸில் 1974. பிளஸ் டூ வந்தது 1978-ல்தான் என்பதால் இதில் பெரிய பையன்கள் எல்லாம் பதினொன்றாம் வகுப்பு. கீழே ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது, மிச்சம் நாலே பெயர், அதில் ஒன்று எங்கள் சித்தப்பா.

சித்தப்பா போன பிறகுதான் மற்றவர்கள் யாரென்று கேட்கவே தோன்றியது. அவர் இருந்தபோது ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேட்டிருக்கலாம், அது இன்னமும் மனசை அரிக்கிறது.

சட்டத்தின் பின்பக்க ஆணிகளைப் பிடுங்கிப் பார்த்தால் படத்தின் ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. இழுத்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டு, திண்ணை நிழலில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் போனில் எடுத்தேன். பெரிசாக பிரிண்ட் போட்டு, மேலே டிரேசிங் பேப்பர் வைத்துத் தலைகளுக்கு நம்பர் போட்டேன். படத்தின் மேல் பேனா வைக்கவே கூடாது.

சீட்டில் மிச்சமிருந்த ‘கோவை மாவட்டம்’ என்ற எழுத்தை நம்பி என் பங்காளி ஒருத்தர் கோயம்புத்தூரில் போய் விசாரித்துக்கொண்டிருந்தார். 1979-ல் பெரியார் மாவட்டம் பிரிகிற வரைக்கும் ஈரோட்டுப் பக்கம் பூராவும் கோவை மாவட்டம்தானே! அதைச் சொல்லி நிறுத்துவதற்குள் ரெண்டு மாசம் போய்விட்டது.

இனி 7-ம் நம்பர். வெள்ளைச் சட்டையில் பை மட்டும் கறுப்புத் துணி. சித்தப்பாவோடு படித்த ஒரு பெரியவர், “இந்தச் சட்டையப் பாத்தாலே தெரியுமே, இன்னாருங்க” என்று சட்டென்று சொன்னார். நானும் எழுதிவிட்டேன். அந்த இன்னார் இப்போது இல்லை, தங்கச்சி மட்டும் ஊரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு காப்பி கொடுக்கலாமே என்று போனேன். ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரல் நேராக அந்தப் பைக்குப் போனது.

“இது எங்கண்ணன் சட்டைதான் கண்ணு. பை கிழிஞ்சு நாந்தான் பாவாடைத் துணியில வெச்சுத் தெச்சேன். ஆனா ஆளு எங்கண்ணன் இல்லீங்கொ.”

காதைக் காட்டினார். அண்ணனுக்குக் காதுச் சோணை ஒட்டியிருக்குமாம், 7-ம் நம்பருக்குத் தொங்கியது. பிறகு கடைசி வரிசை ஓரத்தில், வெறும் பனியனோடு பாதி மறைந்து நின்ற 10-ம் நம்பரைத் தொட்டார். “அய்யோ, இங்க நிக்கறான் பாரு.” போட்டோ எடுக்கிற அன்றைக்கு, கிணறு வெட்ட வந்த குடும்பத்துப் பையனுக்குப் போட்டுக்கொள்ள நல்ல சட்டை இல்லையென்று அண்ணன் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டாராம். சட்டையில்லாமல் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அடி வாங்கியதும் தங்கச்சிக்கு ஞாபகம் இருக்கிறது. கிணறு முடிந்ததும் அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. பெயர் அவருக்கும் தெரியவில்லை, ‘கிணத்துக்காரர் பையன்’ என்றுதான் கூப்பிடுவார்களாம்.

*

உங்கள் பதிவைப் படித்தேன். நான் கோபியில் முப்பது வருசம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன். ஒன்று சொல்கிறேன், இடமிருந்து வலம் எண்ணுவதற்கு முன்னால் சட்டைப் பை எந்தப் பக்கம் என்று பாருங்கள். எல்லாருக்கும் வலது மார்பில் இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறது என்று அர்த்தம், பெயரெல்லாம் மாறிப்போகும். உங்கள் படத்தில் சிலேட்டு எழுத்து நேராக இருப்பதால் பயமில்லை.

*

நானும் இப்படி ஒரு டீம் படத்தை வைத்துத் தேடியதுண்டு. எங்களுடையது பொள்ளாச்சிப் பக்கம், பொம்பளைப் பிள்ளைகள் கோ-கோ டீம். களத்தில் 9 பேர், மாற்று 3 பேர், ஆக 12 பேரையும் தேடினோம். கல்யாணமானதும் இனிஷியலும் ஊரும் மாறிவிடுவதால் பள்ளிப் பதிவேட்டுப் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் எங்கள் அம்மா சொன்ன யோசனை, மாரியம்மன் நோம்பிக்குப் பிறந்த வீட்டுக்கு வராத பிள்ளை உண்டா என்று. மாவிளக்கு எடுக்கிற அன்று கோயில் வாசலில் படத்தோடு நின்றேன், ஒரே நாளில் 8 பேர் கிடைத்தார்கள். “இதாருங்க” என்று கேட்காதீர்கள், திகைத்துவிடுகிறார்கள். “நெட்டையா நிக்கிறாங்களே, நல்லா ஓடுவாங்களா?” என்று ஆரம்பித்தால் போதும், பெயர் தானாக வருகிறது.

*

ஸ்டுடியோ அய்யாவுக்கு நன்றி, பார்த்துவிட்டேன், எல்லாப் பையும் இடப்பக்கம்தான். பட்டியலில் 10-ம் நம்பரைத் திருத்திவிட்டேன். 7-க்கு நேராக ‘கிணத்துக்காரர் பையன், 1974-ல் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனவர்’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு அண்ணன் முகத்தை மட்டும் தனியாக வெட்டிப் பெரிசாக்கித் தருகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். “அந்தப் பையனையுஞ் சேத்தே போட்டுக் குடு கண்ணு, சட்டை அவங்கிட்டத்தான இருக்குது.”