ஸ்டீமில் டாலர் விலை அப்படியே இருக்க, ரூபாய் விலை மட்டும் ஏறுவது ஏன்?

மழைக்குருவி:
கணினி கேம் விற்கும் ஸ்டீம் கடையில் என் விஷ்லிஸ்ட்டில் இருக்கும் ஒரு இண்டி கேம், அதாவது சின்னக் குழு செய்தது. டாலரில் அன்றும் 19.99, இன்றும் 19.99. ரூபாயில் மட்டும் 599 ஆக இருந்தது இரண்டு மாதத்துக்கு முன் 899 ஆகிவிட்டது. போன விண்டர் சேலில் 50% தள்ளுபடியில் 299. இப்போது 60% தள்ளுபடி, ஆனால் 359. இந்த விலையை வைப்பது ஸ்டீமா, வெளியீட்டாளரா? ஏற்றிவிட்டு உடனே தள்ளுபடி போட விடுவார்களா? இப்போதே வாங்கலாமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? யாழ்ப்பாணத்தில் இருக்கும் நண்பருக்கும் இதையே பரிசாக அனுப்ப வேண்டும், அது போகுமா?

பிக்சல்பாண்டி:
விலை வைப்பது வெளியீட்டாளர்தான். ஸ்டீமில் ரூபாய் விலை வந்தது 2015 நவம்பரில். அது டாலரைப் பெருக்கித் தானாக வருகிற தொகை இல்லை, தனியாக எழுதி வைக்கிற ஓர் எண். வெளியீட்டாளர் டாலர் விலையைப் போட்டதும் மற்ற நாணயங்களுக்கு, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் பரிந்துரைக்கும் விலைகள் வந்து நிற்கும். அப்படியே ஏற்கலாம், ஒவ்வொன்றாகத் திருத்தவும் செய்யலாம். பிற்பாடு டாலரைத் தொடாமல் ரூபாயை மட்டும் மாற்றுவதற்கும் தடை கிடையாது.

2022 அக்டோபரில் வால்வ் இந்தப் பரிந்துரைப் பட்டியலைத் திருத்தியது. நாணய மாற்று விகிதத்தோடு வாங்கும் சக்தியையும் விலைவாசியையும் கணக்கில் எடுத்ததாகச் சொன்னது. துருக்கி லிராவுக்கும் அர்ஜென்டினா பெசோவுக்கும் பரிந்துரை பல மடங்கு ஏறியது. 2023 நவம்பர் 20 முதல் அந்த இரண்டு நாணயங்களையே எடுத்துவிட்டு, அங்கே டாலரில் வட்டார விலை கொண்டுவந்தார்கள். ஆனால் பரிந்துரை மாறியதும் பழைய கேம்களின் விலை தானாக மாறிவிடாது. வெளியீட்டாளர் உள்ளே போய்ப் புதுப் பட்டியலை ஏற்கும் நாளில்தான் மாறும். சில கேம்கள் வருஷக்கணக்கில் பழைய விலையில் நின்று, திடீரென்று ஒரு நாள் குதிப்பது இதனால்தான்.

உங்கள் கேமில் நடந்தது என்ன என்று நீங்களே பார்த்துவிடலாம். ஸ்டோர் முகவரியில் ‘ஆப்’ என்பதற்கு அடுத்து வரும் எண்ணை எடுத்து, ஸ்டீம் விலைகளின் வரலாற்றைச் சேர்த்துவைக்கும் ஸ்டீம்டிபி தளத்தில் தேடுங்கள். விலை அட்டவணையில் எல்லா நாணயங்களும் வரிசையாக இருக்கும். அமெரிக்க விலையோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் குறைவு என்பதும் பக்கத்திலேயே இருக்கும். டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் 19.99 என்பது சுமார் 1,699. பழைய 599 அதைவிட 65% குறைவு, இப்போதைய 899 கிட்டத்தட்ட 47% குறைவு. அதாவது வட்டாரச் சலுகை போய்விடவில்லை, சுருங்கியிருக்கிறது. விலை வரைபடத்தில் ரூபாயைத் தேர்ந்தெடுத்து, ஏறிய தேதியைக் குறித்துக்கொண்டு, மற்ற நாணயங்களையும் பாருங்கள். அதே நாளில் பல நாணயங்கள் நகர்ந்திருந்தால் பட்டியலை மொத்தமாக ஏற்றிருக்கிறார்கள். ரூபாய் மட்டும் நகர்ந்திருந்தால் நம் சந்தைக்கென்று எடுத்த முடிவு.

தள்ளுபடிக்கு விதி இருக்கிறது. எந்த ஒரு நாணயத்தில் விலையை ஏற்றினாலும் அடுத்த 30 நாள் தள்ளுபடி போட முடியாது. இது ஏற்றி இரண்டு மாதம் ஆகிவிட்டதால் விதிப்படி சரி. ஆனாலும் சொல்லாமல் ஏற்றுவது எனக்கு ஒப்பாது. ஃபேக்டோரியோ என்ற கேமை 2023 ஜனவரி 26 அன்று 30 டாலரிலிருந்து 35க்கு ஏற்றினார்கள். பணவீக்கம்தான் காரணம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் ஏற்றினார்கள். தள்ளுபடியே போடமாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. வாங்குகிறவருக்கு அதில் குழப்பமே இல்லை.

சில்லறைக்கணக்கு:
சதவீதத்தைப் பார்க்காதீர்கள், ரூபாயில் வரும் கடைசித் தொகையைப் பாருங்கள். 299 என்பது 599 அடிப்படை விலையில் வந்த தொகை. 899 அடிப்படையில் அதே 299க்கு வர 67% தள்ளுபடி வேண்டும். ஸ்டீம்டிபியில் காட்டும் ‘மிகக் குறைந்த விலை’ ஏற்றத்துக்கு முந்தியதாக இருந்தால் அதற்காகக் காத்திருப்பதில் பலன் குறைவு. ஏற்றத்துக்குப் பிந்தைய குறைந்த விலை எதுவோ அதுதான் அளவுகோல்.

899இல் ஜிஎஸ்டி 18% அடக்கம். அதைக் கழித்தால் 762. ஸ்டீமின் வழக்கமான 30% பங்கும் போனால் வெளியீட்டாளர் கைக்கு வருவது ஏறக்குறைய 533. நீங்கள் கொடுக்கும் 359இல் சுமார் 213. சின்னக் குழு என்றால் இந்தக் கணக்கையும் மனதில் வையுங்கள்.

வாங்கிய பிறகு விலை இறங்கினால் பதறத் தேவையில்லை. வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்கும் குறைவு என்றால், பணத்தைத் திரும்பப் பெற்று புது விலைக்கு மறுபடி வாங்கலாம். இதை முறைகேடாகக் கருதமாட்டோம் என்று வால்வே எழுதி வைத்திருக்கிறது. ஸ்டீம் சப்போர்ட்டில் ‘பர்ச்சேஸஸ்’ போய், கேமைத் தேர்ந்தெடுத்து, ரீஃபண்ட் கேளுங்கள். பணத்தை ஸ்டீம் வாலட்டுக்கே (ஸ்டீம் கணக்கில் இருக்கும் இருப்பு) வாங்குங்கள், சேல் முடிவதற்குள் மறுபடி வாங்க அதுதான் தோது. பலர் கோட்டை விடுவது பண்டிலில்தான், அதாவது பல கேம்களைச் சேர்த்து விற்கும் தொகுப்பில். பண்டிலாக வாங்கினால் எல்லா கேம்களின் நேரமும் சேர்த்து 2 மணிக்குள் இருக்க வேண்டும். வெளியீட்டு நாளுக்கு முன்பே ஆடவிடும் அட்வான்ஸ் ஆக்சஸில் ஆடிய நேரமும் கணக்கில் சேரும்.

விஷ்லிஸ்ட் மின்னஞ்சலை மட்டும் நம்பவும் வேண்டாம். தள்ளுபடி 20% அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது வரும்.

கடலோரக்காத்து:
பரிசு விசயத்துக்கு இங்கேயிருந்து சொல்கிறேன். இலங்கைக்கு ஸ்டீமில் ரூபாய் விலை இல்லை. பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பூட்டானோடு சேர்த்துத் தெற்காசிய டொலர் வலயத்தில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் டொலர்தான், ஆனால் எங்களுக்கு அதே விலை இல்லை. வெளியீட்டாளர் இந்த வலயத்துக்கென்று தனியாக விலை போடலாம், போடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். ஸ்டீம்டிபி அட்டவணையில் தெற்காசியா என்று தனி வரி இருக்கும், அதைப் பாருங்கள்.

இரண்டு நாட்டு விலைக்கும் இடையில் வித்தியாசம் பெரிசாக இருந்தால் பரிசு அனுப்பேலாது. 2017 மே முதல் அப்படித்தான். கார்ட்டில் பரிசு என்று தேர்ந்தெடுத்து நண்பரின் பெயரைக் குறித்ததும், அவருக்கு அனுப்ப முடியாது என்றால் அங்கேயே காட்டும். காசு கட்ட முதலே தெரிந்துவிடும். மறித்தால், அவர் தன் கணக்கில் தானே வாங்குவதுதான் வழி.

மழைக்குருவி:
நன்றி. வரைபடம் பார்த்தேன், ஒரே நாளில் பதினைந்து நாணயங்கள் நகர்ந்திருக்கின்றன. பரிசு போகாவிட்டால் நண்பர் விபிஎன் போட்டு இந்திய விலையில் வாங்க முடியுமா என்று கேட்கிறார்.

பிக்சல்பாண்டி:
வேண்டாம் என்று சொல்லுங்கள். இருப்பிடத்தை மறைத்து வேறு நாட்டு விலையில் வாங்குவதை ஸ்டீம் சந்தாதாரர் ஒப்பந்தம் நேரடியாகத் தடுக்கிறது. கணக்கே முடங்கலாம். அதோடு, ஸ்டோர் நாட்டை மாற்றினால் அந்த நாட்டில் வழங்கிய கார்டோ யுபிஐயோ கொண்டு ஒரு கொள்முதலை முடித்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மாற்றவும் முடியாது. உண்மையிலேயே நாடு மாறிக் குடியேறுகிறவர்களுக்கான வசதி அது. நண்பருக்கு அவசரம் இல்லையென்றால் கேமை விஷ்லிஸ்ட்டில் போட்டுவிட்டு, தெற்காசிய வரியின் விலை வரலாற்றைப் பார்த்து அடுத்த சீசன் சேலில் வாங்கச் சொல்லுங்கள்.